மாதிரிக் கோச்சியின் முகப்பு விளக்கு

சாகாமத்துக்குக் கோச்சி வராது. 1928இல் மட்டக்களப்பை எட்டிய தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என நீளும் கரையில் இருப்பவர்கள் உதயதேவிக் கோச்சியில் போக வேண்டுமானால் முதலில் பஸ் ஏற வேண்டும். சாகாமக் குளத்து வயல்வெளியிலிருந்து மட்டக்களப்பு நிலையம் ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். அதனால் இப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கோச்சி அன்றாடப் பொருளல்ல. பயணத்தின் தொடக்கத்தில், பெரும்பாலும் இருட்டு விலகாத நேரத்தில், மேடையில் காத்து நின்று காணும் பொருள். அப்போது எஞ்சினின் உருவமோ நிறமோ கண்ணுக்குப் படுவதற்கு முன்னால் ஒரு மஞ்சள் புள்ளி தெரியும். அது மெல்லப் பெருக்கும். அப்புறந்தான் சத்தம், அதற்குப் பிறகே உருவம்.

மாதிரி றெயில் செய்பவர்கள் முகப்பு விளக்குக்கு இவ்வளவு மினக்கெடுவது ஏன் என்று கேட்பவருக்கு இந்தக் காட்சியே பதில். மேசைமேல் ஓடும் எஞ்சின் எத்தனை நுணுக்கமாக வார்க்கப்பட்டிருந்தாலும் விளக்கு எரியாவிட்டால் பொம்மைதான். எரிந்தாலும், நிறம் பிழையாக இருந்தால் பொம்மைத்தனம் இன்னும் கூடும்.

இலங்கைக்காரர் ஒருவர் தம் நாட்டு எஞ்சினை மேசையில் ஓட்ட ஆசைப்பட்டால் கைக்கு எட்டக்கூடியவற்றில் ஒன்று பிரேசிலில் இருந்து வருகிறது. அந்நாட்டின் ஃபிராட்டெஸ்கி நிறுவனம் ஜெனரல் மோட்டர்ஸ் ‘ஜி 12’ டீசல் எஞ்சினை எச்ஓ அளவில், அதாவது அசலின் 87இல் ஒரு பங்காக, செய்து விற்றது. ஒரு சாண் நீளமும் வராது. ஜி 12 ஏற்றுமதிக்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சின். நியூசிலாந்திலும் ஹொங்கொங்கிலும் பிரேசிலிலும் ஓடியது. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்கு அளித்ததும் இதே வகைதான். இலங்கை றெயில்வே அதற்கு ‘எம் 2’ என்று இலக்கமிட்டு, அவ்வாறு வந்த எஞ்சின்களுக்குக் கனடாவின் இடப்பெயர்களைச் சூட்டியது. பிரேசில் மாதிரி எம் 2வோடு நுணுக்கங்களில் முழுதும் ஒத்திராது. மாதிரி ஓடும் பாதையின் அகலம் 16.5 மில்லிமீற்றர்; இலங்கையின் 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதையை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீற்றருக்கு மேல் வரும். ஆயினும் முகம் அதே முகம்.

அந்த முகங்களில் ஒன்றை இந்தக் கரை மறக்காது. 591ஆம் இலக்க ‘மனிற்றோபா’. 2004 டிசம்பர் 26 காலை மாத்தறை நோக்கிப் போன கடுகதியை இழுத்துச் சென்றது அதுதான். தென்மேற்குக் கரையின் பெரலியவில் சுனாமி அந்தக் கோச்சியைப் புரட்டியதில் 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே காலையில் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அள்ளுண்டு போயின. நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மனிற்றோபாவைப் பின்னர் சீர்செய்து மறுபடி ஓட்டினார்கள். இந்த எஞ்சினைச் சிறிதாகச் செய்து மேசையில் வைக்க ஒருவர் விரும்பினால் அதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல மனம் வராது.

சரி, விளக்குக்கு வருவோம்.

பழைய மாதிரி எஞ்சின் ஒன்றின் மேலுறையைக் கழற்றினால் உள்ளே மோட்டரும் பற்சக்கரங்களும் இருக்கும். முன்பக்கத்தில் இரண்டு வயரோடு ஒரு குட்டி மின்குமிழ் இருக்கும். ஆங்கிலேயர் இதைக் ‘கோதுமை மணிக் குமிழ்’ என்பார்கள். அதைவிடச் சிறியதற்கு ‘அரிசி மணிக் குமிழ்’ என்று பெயர். நெல் விளையும் ஊரில் இந்த அளவை விளக்க வேறு உவமை தேவையில்லை. கண்ணாடி மணிக்குள் தங்குதன் இழை. மின் ஓடும்போது இழை சூடேறி ஒளிரும். வீட்டில் முன்னர் எரிந்த குண்டு பல்பின் அதே தத்துவம், அதே குறைகள்.

முதற் குறை சூடு. தங்குதன் இழை வாங்கும் சக்தியில் நூற்றுக்குப் பத்துகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாவதில்லை, மிகுதியெல்லாம் வெப்பம். 12 வோல்ற்றில் 60 மில்லி அம்பியர் எடுக்கும் குமிழ் முக்கால் வாற்றளவு எரிக்கிறது. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் காற்றோட்டமில்லாத, விரற்கடை அகலப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் அந்த முக்கால் வாற்று அரைமணி நேரம் தங்கினால் கூரை வளையும். பழைய எஞ்சின்கள் சிலவற்றின் விளக்குக்கு நேர்மேலே உறை மெழுகுபோல் நெளிந்திருப்பதைச் சேகரிப்பாளர்கள் அறிவார்கள். இதைத் தவிர்க்கக் குமிழை அதன் உச்ச வோல்ற்றளவுக்குக் கீழேயே எரிப்பதுண்டு. 16 வோல்ற்றுக் குமிழை 12இல் எரித்தால் சூடு குறையும், ஆயுளும் பலமடங்கு நீளும். வெளிச்சந்தான் பாதிக்கும் கீழே போய்விடும்.

இரண்டாவது குறையைப் புரிந்துகொள்ளப் பழைய முறையில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு தண்டவாளங்களில் ஒன்று நேர், மற்றது மறை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைப்பிடியைத் திருகினால் தண்டவாளத்தின் வோல்ற்றளவு 0இலிருந்து 12 வரை ஏறும். மோட்டர் அதற்கேற்ப வேகமெடுக்கும். விளக்கும் அதே தண்டவாளத்திலிருந்துதான் மின்னை எடுக்கிறது. ஆகவே எஞ்சின் மெதுவாகப் போனால் விளக்கு மங்கும், நின்றால் அணையும். மங்குவதும் நேர் விகிதத்தில் அல்ல: இழைக் குமிழின் ஒளி வோல்ற்றளவின் ஏறக்குறைய மூன்றரை அடுக்கில் மாறுகிறது. 12இல் எரிய வேண்டியதை 6இல் எரித்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும், நிறமும் செங்கல்போலச் சிவக்கும். நிலையத்துக்குள் மெல்ல நுழையும் எஞ்சின், விளக்கு மிகவும் தெரிய வேண்டிய அந்த நேரத்திலேயே குருடாகிவிடுகிறது.

இந்த இடத்தில் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் கைகொடுக்கிறது. சாதாரணதரப் பிள்ளை படிக்கும் ஒளிகாலும் இருவாயி, கடையில் எல்ஈடி என்று கேட்டு வாங்குவது, பழைய குமிழின் இடத்தில் உட்காரும் பொருள். இதில் இழை இல்லை. குறைகடத்தியின் சந்தியில் இலத்திரன் ஒரு சக்திப் படியிலிருந்து கீழே இறங்கும்போது அந்த வித்தியாசத்தை ஒளியாக விடுகிறது. படி எவ்வளவு உயரமோ அதற்கேற்ற நிறம். சிவப்புக்குத் தாழ்ந்த படி, சுமார் 2 வோல்ற்றில் எரிந்துவிடும். நீலத்துக்கு உயர்ந்த படி, 3 வோல்ற்றளவு வேண்டும்.

வெள்ளைக்கும் 3 வோல்ற்றுத்தான். வெள்ளை எல்ஈடிக்குள் இருப்பது நீல எல்ஈடி என்பதே காரணம். நீல ஒளி மேலே பூசிய மஞ்சள் பொசுபரில் பட்டு, ஒரு பகுதி மஞ்சளாகி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்ஈடியை 1962இலேயே நிக் ஹொலொன்யாக் செய்துவிட்டார். பிரகாசமான நீலத்துக்கு உலகம் முப்பது வருடம் காத்திருந்தது. ஜப்பானின் அக்காசாக்கி, அமானோ, நக்காமுரா மூவரும் அதைச் சாதித்து 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நீலம் கிடைத்த பின்னரே மாதிரி எஞ்சினுக்கு வெள்ளை முகப்பு விளக்கு வைக்க வழி பிறந்தது. எழுபதுகளின் எஞ்சினில் வெள்ளை எல்ஈடி இல்லாததற்குச் செய்தவர்களின் கஞ்சத்தனம் காரணமல்ல. அப்படியொரு பொருளே அன்று இருக்கவில்லை.

எல்ஈடிக்குத் தன்னைத்தான் கட்டுப்படுத்தத் தெரியாது. 3 வோல்ற்றைத் தாண்டியதும் மின்னோட்டம் சடாரென எகிறும். 12 வோல்ற்றை நேராகக் கொடுத்தால் கண்மூடித் திறக்கும் முன் கருகிவிடும். எனவே தொடராக ஒரு தடையி வேண்டும். கணக்கு ஓமின் விதிதான். 12இலிருந்து 3 போக 9 வோல்ற்று மிச்சம். 1 கிலோ ஓம் தடையி போட்டால் 9 மில்லி அம்பியர் ஓடும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். இன்றைய எல்ஈடிகள் மிகவும் திறமையானவை. முகப்பு விளக்குக்கு 2 முதல் 4 மில்லி அம்பியர் தாராளம், அதற்கு 2.2இலிருந்து 4.7 கிலோ ஓம் வரை போதும். எஞ்சினின் பக்கத்து அடையாள விளக்குகளுக்கு 10 கிலோ ஓம் போட்டாலும் எரியும். 12 வோல்ற்றில் 4 மில்லி அம்பியர் என்றால் வாற்றின் இருபதில் ஒரு பங்கு. கூரை இனி உருகாது.

அடுத்தது இந்த வேலையின் மிக அழகான பகுதி. எல்ஈடி ஓர் இருவாயி. ஒரு திசையில் மட்டுமே மின்னை விடும். பழைய முறையில் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்ட வேண்டுமானால் தண்டவாளத்தின் நேரையும் மறையையும் மாற்றுவார்கள். அப்படியானால் முன்விளக்கையும் பின்விளக்கையும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாகச் சமாந்தரமாய் இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே தடையி போட்டால் என்ன நடக்கும்? முன்னோக்கி ஓடும்போது முன்விளக்கு எரியும், பின்னோக்கி ஓடும்போது பின்விளக்கு. ஆளியில்லை, சுற்றுப்பலகையில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. எல்ஈடி பின்முகமாக 5 வோல்ற்றளவைத்தான் தாங்கும். எஞ்சின் திசை மாறும்போது அணைந்திருக்கும் எல்ஈடிமீது 12 வோல்ற்றும் பின்முகமாய் விழ வேண்டும். ஆனால் அருகில் எரிந்துகொண்டிருக்கும் சோடி அதை 3 வோல்ற்றுக்கு மேல் ஏறவிடாது. ஒன்று எரியும்போது மற்றதைக் காக்கிறது. இரண்டு எல்ஈடி, ஒரு தடையி, நான்கு ஒட்டு. சுற்றென்று சொல்லக்கூடியதில் இதைவிடச் சிக்கனமானதைக் காண்பது கடினம். எஞ்சினுக்கு ஒரு விளக்குத்தான் என்றால் சோடியின் இடத்தில் ஒரு சாதாரண இருவாயியை எதிர்முகமாக வைத்துவிடலாம்.

இன்னொன்று: மோட்டர் அசையச் சில வோல்ற்று வேண்டும், எல்ஈடி 3 வோல்ற்றுக்குச் சற்று மேலேயே விழித்துவிடும். மெதுவான ஓட்டத்திலும் இழைக் குமிழைப்போல அது செத்துப்போகாது.

நிறத்தில்தான் அதிகமானவர்கள் தவறுகிறார்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். மெழுகுவர்த்திச் சுவாலை 1,900 அளவில், இழைக் குமிழ் 2,700 அளவில், நண்பகல் வெளிச்சம் 5,500க்கு மேல். சாதாரண வெள்ளை எல்ஈடி 6,000ஐத் தாண்டி நீலம் பாய்ந்திருக்கும். ஐம்பதுகளின் எம் 2வுக்கு அதை வைத்தால் ஆஸ்பத்திரி வார்ட்டு வெளிச்சம் வரும். எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் அந்த எஞ்சின் அந்தக் காலத்துக்குரியதாகத் தெரியாது. ‘வோம் வைற்’ என்று கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காதபோது ஒளி ஊடுபுகும் செம்மஞ்சள் வர்ணத்தைக் குளிர்வெள்ளை எல்ஈடியின் முகத்தில் மெல்லியதாய்த் தடவினாலும் காரியம் ஆகும். வெளிச்சத்தை அதிகரிப்பதில் மகிழ்ந்துபோகும் கை இந்த இடத்தில் கொஞ்சம் அடங்க வேண்டும். பழைய எஞ்சினின் விளக்கு பழைய எஞ்சினின் விளக்காகவே தெரிந்தால்தான் இந்த வேலைக்குப் பொருள் உண்டு.

சாமான்களுக்கு வெளிநாட்டுக்கு எழுதத் தேவையில்லை. கலியாண வீட்டுக்குக் கட்டும் செப்புக்கம்பி விளக்குச் சரத்தை உற்றுப் பார்த்தால் தெரியும்: மயிர்போன்ற இரண்டு எனாமல் கம்பிகளில் பசைத்துளிக்குள் அடைபட்ட குட்டி எல்ஈடிகள். வாலோடு ஒன்றை வெட்டியெடுத்து, கம்பி நுனியின் எனாமலைப் பிளேட்டால் சுரண்டிவிட்டால் மாதிரி எஞ்சினுக்கு அளவெடுத்துச் செய்த விளக்கு தயார். இதைவிட நுணுக்கம் தேவைப்படுவோர் ‘0603’ அளவு எல்ஈடி தேடுவார்கள்: நீளம் 1.6, அகலம் 0.8 மில்லிமீற்றர். ஒரு குறுணை அரிசி. பற்றவைக்கச் சாமணமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் மூச்சடக்கமும் வேண்டும். நேர் முனை எது, மறை முனை எது என்பதை 3 வோல்ற்று நாணயப் பற்றரியில் தொட்டுப் பார்த்து முதலிலேயே குறித்துவைத்தால் பின்னர் கழற்றிப் பூட்டும் அவலம் இல்லை.

எஞ்சினைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உடம்பில் மின் ஓடுகிறதா என்பதை. பழைய எஞ்சின்கள் பலவற்றில் ஒரு தண்டவாளத்தின் மின், சக்கரம் வழியே உலோகச் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்தே மோட்டருக்கும் குமிழுக்கும் போகும். மோட்டர் சைக்கிளில் பற்றரியின் மறை முனையை உடம்போடு பொருத்துவதுபோலத்தான். குமிழின் ஒரு காலை வெறுமனே சட்டத்தில் அழுத்திவைத்திருப்பார்கள். புது வயரின் எந்த வெற்று நுனியும் அந்தச் சட்டத்தில் உரசக்கூடாது. சூட்டில் சுருங்கும் குழாயால் ஒவ்வோர் ஒட்டையும் மூட வேண்டும்.

குமிழ் எல்லாப் பக்கமும் ஒளிவீசும். எல்ஈடி முன்பக்கம் மட்டுமே வீசும். பழைய எஞ்சினில் குமிழிலிருந்து முகப்புக் கண்ணாடிக்கு ஒளியைக் கொண்டுபோக ஓர் அக்ரிலிக் தண்டு இருப்பதுண்டு. அதன் ஒரு நுனியில் நுழையும் ஒளி, பக்கச் சுவர்களில் முழுவுட்தெறிப்படைந்து மறுநுனிவரை வழுக்கிப் போகும். குமிழ் எப்படி நின்றாலும் அந்தத் தண்டுக்குக் கொஞ்சம் ஒளி கிடைத்தது. எல்ஈடியைத் தண்டின் நுனிக்கு நேர்முகமாக ஒட்டாவிட்டால் கிடைக்காது. நுனியை நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து மினுக்கிவிட்டால் வெளிச்சம் இன்னும் நன்றாக இறங்கும்.

மேலுறையின் பிளாஸ்ரிக் மெல்லியது. விளக்குப் போட்டதும் எஞ்சினின் மூக்கு முழுவதும் பரங்கிக்காய் விளக்குப்போல் சிவந்து ஒளிர்ந்தால் உள்பக்கத்துக்குக் கறுப்பு வர்ணம் இரண்டு பூச்சு வேண்டும் என்று பொருள். சாரதி அறை யன்னல் வழியே ஒளி கசிவதும் அப்படித்தான்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் பித்தளைத் தண்டவாளமும் சக்கரத்தில் உரசும் மென்தகடும் சீக்கிரம் கறுக்கும். அந்தக் கறுப்பு மின்னைக் கடத்தாது. மோட்டருக்குச் சுழற்சியின் வேகம் இருப்பதால் சிறு இடைவெளியைத் தாண்டிவிடும். எல்ஈடி அப்படியல்ல, மின் போன கணமே அணையும், வந்த கணமே எரியும். இழைக் குமிழின் இழை குளிர எடுத்துக்கொள்ளும் சிறு நேரம் இந்தக் குறையை மறைத்துவைத்திருந்தது. எல்ஈடி அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே விளக்கு மாற்றும் வேலை உண்மையில் சக்கரத்திலிருந்து தொடங்குகிறது. மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் சக்கரங்களையும் தகடுகளையும் கறுப்புப் போகும்வரை துடைக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் சிமிட்டினால் கொள்ளளவி உதவும். ஒவ்வொரு விளக்குக்கும் தனியே ஓர் இருவாயி, அதன் பின்னே 220 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி, பிறகு தடையியும் எல்ஈடியும். 12 வோல்ற்றுக்கு ஏறிய கொள்ளளவி 4 வோல்ற்றுக்கு இறங்கும்வரை 3 மில்லி அம்பியர் கொடுத்தால் அரை நொடிக்கு மேல் தாங்கும். அழுக்குப் புள்ளியைக் கடக்க எஞ்சினுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. 25 வோல்ற்றுத் தாங்கும் கொள்ளளவியாகப் பார்த்து வாங்கி, நேர் மறை மாறாமல் பூட்ட வேண்டும். மாறினால் வெடிக்கும்.

எஞ்சின் நின்றாலும் விளக்கு எரிய வேண்டும் என்பவர்கள் எண்முறைக் கட்டுப்பாட்டுக்குப் போகிறார்கள். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி றெயில் சங்கம் தொண்ணூறுகளில் தரமாக ஏற்ற முறை அது. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ற்றளவு நேரும் மறையுமாக வேகமாய் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாறுதலின் கால அளவிலேயே கட்டளை ஒளிந்திருக்கிறது: அரைச் சுற்று 58 மைக்ரோ நொடி என்றால் ‘1’, 100 அல்லது அதற்கு மேல் என்றால் ‘0’. எஞ்சினுக்குள் இருக்கும் விரல்நகமளவு சுற்று இதைப் படித்து மோட்டரையும் விளக்கையும் தனித்தனியே ஆள்கிறது. நீல வயர் பொது நேர் முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. இந்தத் தரத்தின் நிறங்கள் இவை. உடம்பில் மின் ஓடும் பழைய எஞ்சினில் மோட்டரைச் சட்டத்திலிருந்து முற்றாகப் பிரிக்காமல் இதைப் பூட்டினால் புதுச் சுற்று முதல் நொடியிலேயே கருகும். சாகாமத்து மேசையில் ஒற்றை எஞ்சின் ஓட்டுபவருக்கு இந்தச் செலவு தேவையா என்றால், தேவையில்லை. இரண்டு எல்ஈடியும் ஒரு தடையியும் தரும் நிறைவு குறைந்ததல்ல.

எல்லாம் பூட்டியபின் அறையை இருட்டாக்கி, மெதுவான வேகத்தில் எஞ்சினை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ஒளி கசிகிறதா, வளைவில் சிமிட்டுகிறதா, திசை மாறும்போது சரியான விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் இருட்டில்தான் தெரியும். கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி எதிரே இருந்து பார்ப்பது நல்லது. மேடையில் நிற்பவர் கோச்சியைக் காண்பது அந்த மட்டத்தில்தான். கழற்றிய பழைய கோதுமை மணிக் குமிழ் இன்னும் எரிந்தால் அதை எறியாமல், ஒரு சின்னப் பையில் போட்டு, எந்த எஞ்சினுடையது என்று எழுதி, எஞ்சின் பெட்டியின் மூலையில் வைத்துவிடலாம்.